பட்டாணி படுத்த இடம்

பூனை ஒன்றுக்குப் போக வைத்த மணல் தட்டு காய்ந்தே கிடந்தது. ஆனால் பட்டாணி படுத்த இடமெல்லாம் ஈரம். தட்டில் உட்காராத பூனை தூக்கத்தில் மட்டும் எப்படிச் சொட்டுகிறது என்று சுலோசனாவுக்குப் புரியவில்லை.

"தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வை. உள்ளே போனாத்தானே வெளியே வரும்?" என்றார் கணவர் வைத்தீஸ்வரன்.

எடுத்து வைத்தாள். மறுநாள் பட்டாணி வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டது. தூக்கியபோது அடிவயிற்றில் ஆரஞ்சு அளவுக்கு ஏதோ கெட்டியாக விரலில் தட்டுப்பட்டது. கட்டியேதான் என்று நினைத்தாள். லேக் கார்டன்ஸ் கால்நடை மருத்துவமனைக்குப் போகிற வழி முழுக்க, ஆட்டோவில் அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மதுவந்தி வயிற்றைத் தொட்டாள். பிறகு வாலைத் தூக்கிவிட்டாள். அது நனைந்த கயிறுபோல விழுந்தது.

"வால் எங்கியாவது மாட்டிச்சா ஆன்ட்டி?"

"போன வாரம் லிஃப்ட் கேட்ல. ஒரு கத்துக் கத்திச்சு. அப்புறம் நல்லாத்தானே நடந்தது!"

"இது கட்டி இல்ல. மூத்திரப் பை. ஃபுல்லா இருக்கு."

"ஐயோ, சொட்டிண்டே இருக்கே!"

"உங்க மாடி டேங்க் நிரம்பினா ஓரத்துப் பைப்ல சொட்டும்ல? அப்போ டேங்க் காலின்னு அர்த்தமா?"

வால் இழுபட்டபோது, அதன் அடியிலிருந்து பைக்குப் போகும் நரம்புகளும் இழுபட்டிருந்தன. பை நிரம்பியது, ஆனால் சுருங்கு என்ற கட்டளை வரவில்லை. தாங்க முடியாதது மட்டும் வழிந்தது.

"தண்ணியை நிறுத்திட்டேனே!"

"அரே பாபா! தண்ணியை நிறுத்தினா கிட்னிக்குத்தான் ஆபத்து."

"பிழைக்குமா?"

மதுவந்தி ஸ்கேனில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழாய் போட்டுப் பையைக் காலி செய்தாள். குளுக்கோஸ் ஏற்றி அங்கேயே வைத்துக்கொண்டாள். மறுநாள் பட்டாணி தலை தூக்கியது. ஆனால் பை மறுபடி நிரம்பியிருந்தது.

"இனிமே நீங்கதான் அமுக்கணும் ஆன்ட்டி."

"வெடிச்சுட்டா?"

"வெடுக்குனு அமுக்கினா வெடிக்கும். மெதுவா, விடாம. வரலைன்னா முரட்டுத்தனம் வேணாம், இங்க தூக்கிட்டு வாங்க."

சுலோசனா பையின் இரு பக்கமும் கை வைத்தாள். மதுவந்தி தன் கையை அதன்மேல் வைத்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மூத்திரம் கம்பிபோல ஓடி வந்தது. விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு மெல்ல மெல்லத் தொளதொளத்தது.

செய்ய வேண்டியது இதுதான்: பின்னங்கால்களுக்கு முன்னால் பையை இரு பக்கமும் பிடித்து, வால் பக்கமாக மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். நரம்பு தேறும்வரை நாளுக்கு மூன்று வேளை இப்படிக் காலி செய்ய வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.