கடல் தாண்டும் முன்

புடாபெஸ்ட்டில் இறங்குவதா, வியன்னாவில் இறங்குவதா என்று ஷாமளாவும் குணாளனும் ஒரு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருமே இரண்டு ஊரையும் பார்த்ததில்லை. வேலைக்காகத் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்வருவதை வெளிநாட்டுப் பயணம் என்று மலேசியாவின் ஜொகூரில் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் சண்டை என்னவோ பாட்டன் சொத்தைப் பங்கு பிரிப்பது போல மும்முரமாக நடந்தது.

"வியன்னால தங்கற எடமெல்லாம் வெல ஜாஸ்தி. புடாபெஸ்ட்ல எறங்குவோம். அங்கேருந்து ராத்திரி பஸ் புடிச்சு பிராக் போயிடலாம்" என்றாள் ஷாமளா.

"ராத்திரி பூரா ஒக்காந்துக்கிட்டேவா? அலமாக்!" என்று அலறினான் குணாளன்.

"விடியறதுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள்ல தூங்கிக்கிட்டே துவாஸ் போறவருதானே நீங்க. பஸ்ல தூங்கறதுக்கு என்னவாம்?"

அவனுக்குச் சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அவளுக்கு ஜொகூரிலேயே ஸ்கூடாயில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இருவரும் சேர்ந்து போன தூரதேசம் என்றால் பினாங்குதான். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஐந்து ஊர் சுற்றப் புறப்பட்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? 'ஆசை இருக்கு தாசில் பண்ண' என்று பாதிப் பழமொழியைச் சொல்லிவிட்டு மீதியை மென்று விழுங்கினார்கள்.

முதலில் அவர்கள் ஒரு பயண முகவரிடம்தான் போனார்கள். அந்த மனிதர் குளிர்பானம் கொடுத்து உட்காரவைத்து, "ஒன்னும் கவலப்படாதீங்க. இந்தியன் சாப்பாடு, தமிழ் பேசற கைட். எல்லாரும் ஃபேமிலி ஃபேமிலியா வர்றாங்க. புள்ளைங்களுக்கு அரை டிக்கட்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. அவர் பிழைப்பு அது. ஆனால் ஷாமளா குளிர்பானத்தை வைத்துவிட்டு எழுந்தாள். காருக்குள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

"புள்ளகுட்டிக்காரங்க வரமுடியாத மாதிரி ஒரு டிரிப் போலாங்க. ஒரே ரூம்ல ஆறு கட்டில் போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி எடத்துல தங்கிக்கலாம். ராத்திரி பஸ்ல போலாம். பையத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறலாம். அங்கெல்லாம் யாரும் கொழந்தைய தூக்கிக்கிட்டு வரமாட்டாங்க."

அப்படித்தான் இந்த மலிவுப் பயணம் முடிவானது. சிக்கனத்துக்காக என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மையில், நாலாவது முறை சிகிச்சைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம்தான் இந்தப் பயணத்துக்குப் போகிறது. மூன்று முறை முயன்றார்கள். மூன்றும் கைகூடவில்லை. "இன்னொரு தடவன்னா உடம்பு தாங்குமான்னு யோசிச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னபோது, குணாளன் வாயைத் திறப்பதற்கு முன் ஷாமளாவே முந்திக்கொண்டு "போதும் டாக்டர்" என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் குழந்தை என்ற பேச்சே எழவில்லை. உறவினர்கள்தான் விடுவதில்லை. கல்யாண வீடாகட்டும் கருமாதி வீடாகட்டும், கையைப் பிடித்துக்கொண்டு "விசேஷம் ஏதும் இல்லையாம்மா?" என்று இழுப்பார்கள். இல்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தாலும் கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விடுதிகளுக்குப் பதிவு செய்யும் இணையத்தளமும் ஒவ்வொரு ஊருக்கும் 'பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை' என்று கேட்கத்தான் செய்தது. ஷாமளா ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தைப் போட்டாள். அது மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. மனுஷரைவிட இது எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

குணாளன் மட்டும் ஆளே மாறிப்போனான். சாயங்காலங்களில் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு தாமான் குடியிருப்பைச் சுற்றி நடந்து பழகினான். விமானத்தில் ஏழு கிலோதான் கையோடு கொண்டுபோகலாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்காமல் குட்டி ரைஸ் குக்கரைப் பைக்குள் வைத்தான். அவள் எடுத்து வெளியே வைப்பாள். மறுநாள் அது மறுபடியும் பைக்குள் இருக்கும்.

"இத தூக்கிக்கிட்டா ஐரோப்பா சுத்தப் போறீங்க?"

"அங்க வெறும் ரொட்டியா குடுப்பான்லா. சம்பல் நெத்திலி இருக்கு, சோறு வேணாமா?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவன் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்றுதான் அவள் 'போதும்' என்றது. அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். ஆனால் இத்தனை சீக்கிரமா மறப்பது? ஆண்களுக்கு எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது, ஒரு ரைஸ் குக்கர் கிடைத்தால் போதும் என்று அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை அவள் ஒருநாளும் அவனிடம் காட்டவில்லை.

டிக்கட் வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் ரெங்கத்தில் இருந்த குணாளனின் அம்மா வெள்ளையம்மாவிடம் சொன்னார்கள். போனை மேசைமேல் வைத்து இருவரும் பேசினார்கள்.

"ஐரோப்பாவா? அங்க நமக்கு யாருடா இருக்கா?"

"யாரும் இல்லம்மா. அதான் போறோம்."

வெள்ளையம்மா, "ஷாமளா, அங்கதான் இருக்கியா? மரத்துல தொட்டிலு கட்டுனீங்களேம்மா. நேத்திக்கடன அந்தரத்துல தொங்கவிட்டுட்டு கடல் தாண்டக்கூடாது. ஒன்னு நெறவேத்தணும், இல்லாட்டி சாமிகிட்ட சொல்லிட்டு அவுத்துடணும்" என்றாள்.

"அவுத்துடறோம் அத்த" என்றாள் ஷாமளா.

"அவுத்துடுங்க. நானும் இனிமே வேண்டிக்கல" என்றாள் வெள்ளையம்மா. அந்தக் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூட ஷாமளாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரெங்கத்தில் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓடையோரமாக ஓர் அரசமரம் உண்டு. பிள்ளையில்லாதவர்கள் ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, மஞ்சள் தடவி, துணித் தொட்டிலில் வைத்து அந்த மரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். கல்தான் குழந்தை. நிஜக் குழந்தை பிறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, தொட்டிலை அவிழ்த்து, பொங்கல் வைத்து, நாலு பேருக்குச் சோறு போடவேண்டும். பிறக்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஷாமளா கல்யாணமான மூன்றாம் வருஷம் தன் கூறைச்சேலையின் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். பிறகு அந்தப் பக்கமே அவள் போகவில்லை. போனால் அதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்தார்கள். வழியெல்லாம் ஷாமளா பேசிக்கொண்டே வந்தாள். பிராக்கிலிருந்து கிராக்கோவுக்கு ரயிலா பஸ்ஸா, துணி துவைக்க எங்கே இடம் இருக்கும் என்றெல்லாம் கேட்டாள். குணாளன் உம் கொட்டிக்கொண்டு வந்தான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தேத்தண்ணி குடிக்கலாம் என்று நிறுத்தினான். குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"போயிட்டு வந்து அவுத்துக்கலாமே ஷாமு. சாமி என்ன கோவிச்சுக்கவா போவுது?"

"அத்தகிட்ட சொல்லிட்டோம்ல? எந்திரிங்க."

சோம்பல் என்றுதான் அவள் நினைத்தாள்.

கோயிலில் பூசாரி லெட்சுமணன் தனியாகத்தான் இருந்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "கட்டுன கைதான் அவுக்கணும்மா. கத்தி கிட்ட போவக்கூடாது. அவுத்து, கல்ல ஓடையில விட்டுடுங்க" என்றார்.

மரத்தில் எத்தனையோ தொட்டில்கள் தொங்கின. ஷாமளாவுக்குத் தன்னுடையது எந்தக் கிளை என்று நன்றாக நினைவிருந்தது. அரக்குச் சிவப்பில் சரிகை போட்ட துணி. இத்தனை வருஷ மழையில் நைந்து நூலாகித்தான் இருக்கும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கிளையில் சிவப்பு இல்லை. கருநீலத்தில் சாம்பல் கோடு போட்ட கெட்டித் துணி ஒன்று கட்டியிருந்தது. நைந்தும் போகவில்லை, சாயமும் போகவில்லை. வாரா வாரம் அவள் கையால் துவைத்துக் காயப்போடுகிற துணி அது. குணாளனின் தொழிற்சாலைச் சட்டை.

அவள் திரும்பிப் பார்த்தாள். குணாளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"துணி நைஞ்சுபோனா தம்பி வந்து மாத்திக் கட்டிருவாருமா. வருசா வருசம் வருவாரே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்ற பூசாரி, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மெல்லக் கோயிலுக்குள் போய்விட்டார்.

"இத எப்ப கட்டுனீங்க?" என்று கேட்டாள் ஷாமளா.

"போன மாசம்."

"போன மாசம் எப்ப?"

"டிக்கட் வாங்குனோமே, அதுக்கு மறுநாளு."

அன்றைக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போனவன். ஷாமளாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாக அவனிடம் காட்டாமல் வைத்திருந்த கோபமெல்லாம் சேர்ந்துகொண்டது.

"அப்ப என்னாத்துக்கு என்கூட ஒக்காந்து ரூம் பாத்தீங்க, பஸ் பாத்தீங்க? மூட்டைய தூக்கிக்கிட்டு நடந்தீங்க? மறந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! டாக்டர்கிட்ட உங்க வாயால போதும்னு சொல்லவேணாமேன்னுதான நான் சொன்னேன். நீங்க நிம்மதியா இருக்கீங்கன்னு நெனச்சு நான் தனியா பாத்ரூம்ல அழுதேன். என்ன ஏமாத்திட்டீங்களே!"

"நீ அந்த மேப்ப பாக்கறப்பதான் ஷாமு கொஞ்சம் சிரிச்ச. அதான் நானும் கூட ஒக்காந்தேன்."

"அப்புறம் இது எதுக்கு?"

"உன்கிட்ட கேட்டா உனக்கு வலிக்கும்" என்றான் குணாளன். "நான் உன்கிட்ட கேக்கலயே. சாமிகிட்டதான் கேட்டேன்."

அவள் கோபம் அப்படியே அடங்கிப்போனது. எட்டு வருஷமாக இந்த மனுஷன் தனியாக இங்கே வந்து, சட்டையைக் கிழித்து, கிளையை வளைத்துக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதது போலச் சோறு சாப்பிட்டிருக்கிறான்.

"உனக்கு அவுக்க மனசு வரலன்னா விட்டுடலாம்" என்றான் அவன். "கட்டியே இருக்கட்டும். அம்மாகிட்ட அவுத்தாச்சுன்னு சொல்லிக்கலாம்."

ஷாமளா தொட்டிலைப் பார்த்தாள். விட்டுவிட்டுப் போகலாம்தான். போனால் அடுத்த வருஷமும் வருவான். அதற்கடுத்த வருஷமும், தலை நரைத்த பிறகும், இன்னொரு சட்டையைக் கிழித்துக்கொண்டு, அவளிடம் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வருவான். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

"இனிமே நீங்க இங்க தனியா வரக்கூடாது" என்றாள். "அவுத்துடுங்க."

"நானா?"

"நீங்கதான கட்டுனீங்க."

அவள் கிளையை இழுத்து வளைத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் முடிச்சில் கை வைத்தான். மழையில் ஊறிக் காய்ந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. இயந்திரத்தில் எந்தத் திருகாணியையும் நொடியில் கழற்றுகிற கை, அங்கே தடுமாறியது. நகத்தால் கீறிப் பார்த்தான். பல்லால் கடித்து இழுத்தான். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று அவன் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் முடிச்சு விட்டது. துணிக்குள்ளிருந்த கல் அவன் உள்ளங்கைக்கு வந்தது. மஞ்சள் அப்பிய, வழவழவென்ற சின்னக் கல்.

"கல்ல மாத்தல" என்றான் குணாளன். "துணியத்தான் மாத்துனேன். கல்லு நீ எடுத்துக் குடுத்ததுதான்."

இருவரும் ஓடைக்கு இறங்கினார்கள். செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. கரையில் நின்றபடியே எறிந்துவிடலாம். அவனுக்கு எறிய மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல கால்சட்டையோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். நடு ஓடையில் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கல்லை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு குனிந்தான்.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஷாமளாவின் வாயிலிருந்து அவளை அறியாமலே வந்தது:

"பாத்துங்க... மெதுவா."

அவன் மெதுவாகத்தான் வைத்தான்.