ஜான்சன் வீட்டு மஞ்சள் வரிசை

“என் பூப்பாத்தியை நிக்காம தாண்டிப் போன மனுஷன் இன்னும் பொறக்கல பாய்” என்றார் ஜான்சன். “மனுஷன் கெடக்கட்டும். நேத்து பெங்களூர் போற கண்டெய்னர் லாரி ஒண்ணு ஹைவேயை விட்டு எறங்கி, நம்ம தெருவுக்குள்ள வந்து, பாத்தி முன்னால நின்னு, ரெண்டு வாட்டி லைட்டைச் சிமிட்டிட்டுத்தான் போச்சு.”

பக்கத்துத் தெரு மக்பூல் அகமது அவசரப்படாமல் டீயை உறிஞ்சினார். ஷூ கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து வாங்காமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. அதே பழக்கத்தில், சாட்சி இல்லாத பேச்சு எதையும் காதுக்குள் விடுவதில்லை.

“சத்துவாச்சாரியில உன் தெருவுக்குள்ள குப்பை வண்டியே திரும்பாது. கண்டெய்னர் எப்படிப்பா திரும்புச்சு?”

“திரும்பல பாய். ரிவர்ஸ்லயே போய்டுச்சு.”

“சரி, லாரியை விடு. எங்க அண்ணனை நிறுத்துமா உன் பாத்தி? அதைச் சொல்லு.”

ஜான்சன் அவசரமாகப் பேச்சை மாற்றினார். அவர் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

மக்பூலின் அண்ணன் உமர் ஃபாரூக்கிடம்தான் ஜான்சன் வேலை கற்றார். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் செக்‌ஷனில் உமர் பாய் வைத்ததுதான் சட்டம். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டை ஒரு கையிலும், புதிதாக நிறம் ஏற்றிய தோலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார். “பாஸ்” அல்லது “ரிஜெக்ட்.” அவ்வளவுதான். பாய் வருகிறார் என்றாலே ஸ்ப்ரே மெஷின் பயத்தில் தானாக நிறத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பது ஜான்சனின் கணக்கு.

அந்த மனிதருக்கு இப்போது நினைவு நழுவிக்கொண்டிருந்தது. தம்பியையே சில நாள் “யாருங்க நீங்க?” என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கேட் திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவார். நேரே ஹைவே பக்கம்தான் நடப்பார். கூப்பிட்டாலும் நிற்கமாட்டார், ஹாரன் அடித்தாலும் நிற்கமாட்டார். போன மாதம் ஒரு பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டதில் மயிரிழையில் தப்பினார். அன்றிலிருந்து மக்பூல் வீட்டு கேட்டில் சங்கிலி.

ஜான்சனின் பாத்தி காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, தெருவோரக் கால்வாய் வரை நீண்டு கிடந்தது. மற்றவர்கள் கிடைத்த செடியைக் கிடைத்த இடத்தில் வைப்பார்கள். ஜான்சன் ஷேட் கார்டு போல, நிற மாதிரிகளை வரிசையாக ஒட்டிய அட்டை போல நட்டிருந்தார். சுவரை ஒட்டி உயரமாக ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டை. அதன் முன்னால் ஆரஞ்சு சாமந்தி, அடுத்து எலுமிச்சை மஞ்சள் சாமந்தி, செங்கல் விளிம்பில் வெள்ளை நித்தியகல்யாணி. ஒரே நிறத்தைத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்த மாதிரி இருக்கும். எதிர்மலையில் ஆடு மேய்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. நர்சரிக்காரன் நாற்றைக் கலந்து கொடுத்துவிட்டான். எலுமிச்சை மஞ்சள் வரிசையில் மூன்று செடிகள் மட்டும் ஒரு பொட்டு அழுத்தமாக, மாம்பழ மஞ்சளில் பூத்தன. வேறு யாருக்கும் தெரியாது. ஜான்சனுக்கு அது பல்லில் சிக்கிய நார்.

“எனக்கு எல்லாம் ஒரே மஞ்சளாத்தான் தெரியுது” என்பார் மனைவி ஹெலன். “அவ்ளோ உறுத்தினா பிடுங்கிப் போடுங்களேன்.”

“நாளைக்கு” என்பார் ஜான்சன். குனிந்தால் மூட்டு பேசும்.

மறுநாள் காலை மக்பூல் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். “ஜான்சன், அண்ணனைக் காணோம்! தண்ணி கேன் போட வந்தவன் கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போய்ட்டான்!”

ஹெலன் காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஜான்சன் வீட்டைக்கூடப் பூட்டாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹைவே பக்கம் பறந்தார். மக்பூல் பள்ளிவாசல் பக்கம் ஓடினார்.

சர்வீஸ் ரோடு நெடுக வெள்ளை ஜிப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார் ஜான்சன். மேலே லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. எதையும் பத்து மடங்காக்கியே பழகிய மண்டை, இப்போது ஒவ்வொரு பிரேக் சத்தத்தையும் பத்து மடங்காக்கிக் காட்டியது. ‘ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் என் கற்பனைக்கு லீவு குடு’ என்று வேண்டிக்கொண்டார்.

போன் அடித்தது. ஹெலன்.

“என்னங்க, எங்க போய்ட்டீங்க? உமர் பாய் நம்ம பாத்தியில உக்காந்து செடியைப் பிடுங்கறாரு. எழுந்திருங்க பாய்னா, வேலை நேரத்துல பேசாதம்மாங்கறாரு!”

ஜான்சன் ஸ்கூட்டரை ஓரங்கட்டி ஒரு நிமிஷம் ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு மக்பூலுக்குப் போன் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். செங்கல் விளிம்பில், நித்தியகல்யாணியில் ஓர் இதழைக்கூட நசுக்காமல் உட்கார்ந்திருந்தார் உமர் பாய். இடப்பக்கம் மூன்று செடிகளை வேரோடு பிடுங்கி அடுக்கி வைத்திருந்தார். அதே மூன்று. மற்றவற்றில் கை படவே இல்லை. கையிலிருந்த ஒரு பூவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், நிமிர்ந்தார்.

“இன்னாப்பா ஜான்சன், லாட்ல வேற நெறம் கலந்துகெடக்குது. இதை யாரு பாஸ் பண்ணது?”

பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்! ஜான்சன் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து நின்றார். “நான்தான் பாய்.”

“கண்ணை எங்க வச்சிருந்த? ரிஜெக்ட்.”

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் பயந்த சொல். இன்று அதைக் கேட்டதும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. மக்பூல் ஈர மண்ணிலேயே பொத்தென்று உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“பாய்ஜான், வீட்டுக்குப் போலாமா?”

“வேலை முடிஞ்சுது. போலாம்.”

மூச்சு சீரானதுமே ஜான்சனுக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. “பாத்தீங்களா பாய்? இதுக்குன்னே தப்பான செடி மூணைத் தேடிப் புடிச்சு நட்டு வச்சேன்.”

“மூட்டு வலின்னு பிடுங்காம விட்டுட்டு, பேச்சைப் பாரு” என்றார் ஹெலன்.

அன்று சாயங்காலமே ஜான்சன் நர்சரிக்குப் போனார். கலந்துபோன நாற்றாகப் பார்த்துக் கேட்டவரை நர்சரிக்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். இப்போதெல்லாம் மஞ்சள் வரிசையில் எப்போதும் ஒரு செடி தப்பாகவே இருக்கும். காலையில் மக்பூல் அண்ணனைக் கைப்பிடித்துக் கூட்டி வருவார். உமர் பாய் நிற்பார், சாய்த்துப் பார்ப்பார், ரிஜெக்ட் செய்வார், திரும்பி வீட்டுக்கு நடப்பார். ஹைவே பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை.

டீக்கடையில் ஜான்சன் கதையை ஆரம்பித்தால், கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் இப்போது ஒரு தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கிறது. ஒரு நாள் கடைக்காரர் வேலு பொறுக்க முடியாமல் மக்பூலிடம் கேட்டார்: “பாய், நீங்க பொய்யே பேசமாட்டீங்க. அந்தப் பாத்தி நெசமாவே ஆளை நிறுத்துச்சா?”

மக்பூல் கிளாஸைக் கீழே வைத்தார்.

“லாரி வரல. தீயணைப்பு வண்டி சுத்தப் பொய்” என்றார். “ஆனா எங்க அண்ணன் நின்னாரு. கையெழுத்து வேணும்னா பேப்பர் குடு, போடறேன்.”