அரசுத் தரப்பில் ஆஜர்

பொன்னேரி கோர்ட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் கெங்கம்மாள் தான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் பழைய தகரம் பிரிக்கும் இடத்தில் மேஸ்திரி ராஜமாணிக்கம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் கத்தியது. சுற்றி இருந்தவர்கள் தலை நிமிராமல் தகரம் பொறுக்கியது. ரயிலில் ஏறும்போது கூசுகிற வார்த்தைகள், பொன்னேரி வருவதற்குள் ஒருவாறு வசப்பட்டுவிடும். கோர்ட்டிலோ யாரும் கேட்பதில்லை. சர்க்கார் வக்கீல் இல்லை, வாய்தா என்பார்கள். சொல்லாததைச் சுமந்துகொண்டு திரும்புவாள். சோறு வடிக்கும்போதும் அது உள்ளே புளித்துக்கொண்டிருக்கும்.

"முன்னெல்லாம் எங்க போலீஸ்காரரே கேசு நடத்துவாரும்மா," என்றார் ஏட்டு ஜெயராஜ், கோர்ட்டு வாசல் மரத்தடியில். "இப்போ புதுச் சட்டம் வந்துட்ச்சு. வக்கீலுதான் நடத்தணுமாம். அந்த வக்கீல இன்னும் போடல."

"எப்போ போடுவாங்க?"

"போடறவங்களுக்கே தெரியாது. ராஜியாப் போயிடேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

கூட வந்த புருஷன் துலுக்காணம், பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவன், தலையை ஆட்டினான். "ஏட்டையா சொல்றது நாயந்தானே கெங்கா? ஊரே சிரிச்சிகினு கீது."

"சிரிக்கட்டும். பல்லு வலிச்சா நிறுத்திக்குவாங்க."

டவாலி கூப்பிட்டான். உள்ளே ராஜமாணிக்கம் மடிப்புக் கலையாத வேட்டியோடு நின்றிருந்தான். அவனுடைய வக்கீல் எழுந்தார். "அரசுத் தரப்பில் இன்றைக்கும் ஆளில்லை, கனம் கோர்ட்டார் அவர்களே. நடத்த ஆளில்லாத வழக்கை முடித்து என் கட்சிக்காரரை விடுவிக்க வேண்டும்."

கெங்கம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். வாய்தா என்றால் இன்னொரு நாளாவது உண்டு. முடித்துவிட்டால்? வாய்க்குள் இருப்பதை அவள் எங்கே கொண்டுபோய் இறக்குவாள்?

மாஜிஸ்திரேட் சலிப்போடு கேட்டார். "அரசுத் தரப்பில் யாராவது ஆஜரா?"

"ஆஜர்," என்றாள் கெங்கம்மாள்.

கூப்பிட்டால் ஆஜர் என்று சொல்ல வேண்டும் என்ற ஒன்றைத்தான் இத்தனை நாளில் கோர்ட்டு அவளுக்குக் கற்றுத் தந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டு பல்லைக் கடித்தார். "உன்ன இல்லம்மா!"

"நீ சாட்சி," என்றார் மாஜிஸ்திரேட். "வழக்குப் போட்டது சர்க்கார்."

தவறு என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"சர்க்காரு முந்தானையவா சாமி புடிச்சாங்க? என்னுதத்தானே? சர்க்காரு வர்ல. நான் வந்துகினேதான் கீறேன். என்னக் கேளுங்க."

சிரிப்பு நின்றது. மாஜிஸ்திரேட் புதுச் சட்டப் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். அதன் பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் விரலை வைத்து, வக்கீலைப் பார்த்தார்.

"கோர்ட்டு அனுமதித்தால் வேறொருவரும் வழக்கை நடத்தலாம். இந்த அம்மாளை அனுமதிக்கிறேன். நானும் கேள்வி கேட்பேன். கூண்டில் ஏறும்மா."

ஏறினாள். ரயிலில் சொல்லிப் பார்த்ததைத் தொடங்கினாள்.

"இந்த ராஜமாணிக்கம் என் முந்தானையப் புடிச்சி இஸ்தான்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "மேஸ்திரியை மரியாதையாகச் சொல்லும்மா! இழுத்தார்!"

கம்பெனியில் அந்த ஆளை ஒரு நாளும் அவள் 'வாங்க, போங்க' தவிர வேறு சொல்லி அழைத்ததில்லை. இப்போது நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"இஸ்தான்னே எழுதிக்கோங்க சாமி," என்றாள். "இன்னும் கீது. நான் சொல்லி முடிக்கல."