மூக்கம்மா சுட்ட மோர் டோனட்

பேக்கரியில் அவளை எல்லோரும் மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினாறு வருஷம் ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்றவள், ஒரு நாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. ரொட்டி வெந்ததா, கேக் அடிபிடிக்கப் போகிறதா, வெண்ணெய் நேற்றையதா முந்தாநாளையதா, எல்லாவற்றையும் மூக்குதான் சொல்லும். "நமக்கெல்லாம் மூக்கு மூச்சு விடறதுக்கு. இவளுக்கு அது பிழைப்பு" என்பார் முதலாளியம்மா.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போயிற்று. நாலு நாள் காய்ச்சல், ஒரு வாரம் சளி. சளி விட்டது, வாசனை திரும்பவில்லை. நாக்கில் உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு மட்டும் தெரிந்தன. மற்றபடி எதைத் தின்றாலும் ஈரத் துணியை மெல்லுவது போல இருந்தது. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சிலருக்கு ஒரு மாசத்துல வரும். சிலருக்கு ஒரு வருஷம். வராமலும் போகலாம்" என்றார்.

வேலைக்குப் போனாள். முதல் வாரமே இரண்டு தட்டு பிஸ்கட் கருகின. அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது வாரம், கெட்டுப்போன பாலில் கிண்டிய கஸ்டர்டை பன்னுக்குள் நிரப்பி அனுப்பிவிட்டாள். வாங்கிப்போன பெண் ஒருத்தி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். சண்டை போடவில்லை, மூடியை மட்டும் திறந்து காட்டினாள். மூக்கம்மா குனிந்து பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது.

அன்றைக்கே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "சரியானதும் வா. உன் இடத்துல யாரையும் நிறுத்த மாட்டேன்" என்றார் முதலாளியம்மா.

வீட்டில் அவளும் கணவனும் மட்டும். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அடுத்து வந்த நாலு மாதமும் அவனுடைய நாக்கை நம்பித்தான் அவள் சமைத்தாள். ஒவ்வொரு வேளையும் அவன் முதல் வாயை விழுங்கும்வரை கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "நல்லா இருக்கு. கைமணம் எங்க போயிடும்?" என்பான் அவன். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் மோர் டோனட் சுடுவது என்று முடிவு செய்தாள். பேக்கரியில் அவள் கையால் போட்டால்தான் அது சரியாக வரும் என்று பேர். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதில் பாதி புளிப்பு, பாதி இனிப்பு. இரண்டும் அவள் நாக்குக்கு இன்னும் தெரியும். இது மட்டும் சரியாக வந்துவிட்டால் திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பலாம்.

கெட்டி மோரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு சுள்ளென்று ஏறியது. கண்ணில் நீர் வந்தது. மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், சோடா உப்பு எல்லாவற்றையும் சலித்து, ஜாதிக்காயை மேலே துருவினாள். துருவும்போது பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். மரக்கட்டையை முகர்ந்தது போல இருந்தது. பன்னிரண்டு இழுப்பு என்று எண்ணித் துருவிவிட்டு நிறுத்தினாள். முட்டையும் உருக்கிய வெண்ணெயும் மோரும் சேர்த்து, அதிகம் பிசையாமல் மாவை ஒன்றுகூட்டி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாள். பிறகு விரல் தடிமனுக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போட்டாள்.

அலமாரியிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து வாணலியில் ஊற்றினாள். சூட்டுக்கு இப்போது வெப்பமானி இருந்தது. நூற்றெண்பது காட்டியதும் ஒவ்வொன்றாக விட்டாள். உள்ளே போனது மேலே மிதந்து, உப்பி, மேல்விளிம்பு பூப்போல வெடித்தது. திருப்பிப் போட்டாள். ஆறும் முன்பே, பொடித்த சர்க்கரையும் பாலும் வெனிலாவும் கலந்த பாகில் முக்கி, கம்பித் தட்டில் வடிய வைத்தாள். பாகு இறுகிக் கண்ணாடி போலப் பளபளத்தது. ஒன்றைப் பிட்டுத் தின்றாள். இனிப்பு, அடியில் புளிப்பு, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. நாலு மாதத்தில் முதல் தடவையாகத் தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

மதியம் அரைநாள் வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏன் நின்னுட்டீங்க? உள்ள வாங்க."

"ஒண்ணுமில்ல. செருப்பு வார் மாட்டிக்கிச்சு" என்று குனிந்தான்.

தட்டை நீட்டினாள். ஒன்று தின்றான். முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான்.

"உண்மையைச் சொல்லுங்க. பழைய மாதிரி இருக்கா?"

"அப்படியே இருக்கு. துளிகூட மாறல" என்றான். தண்ணீர் குடித்துவிட்டு, கிரீஸ் போகக் குளிக்கிறேன் என்று போனான்.

பாகு உடையாமல் ஆறு டோனட்டுகளை டப்பாவில் அடுக்கினாள். குளியலறைக் கதவைத் தட்டி, "பேக்கரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன். முதலாளியம்மாகிட்ட காட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் சட்டென்று நின்றது. அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

கூட்டமில்லாத நேரம். முதலாளியம்மா எழுந்து வந்து தோளைத் தொட்டார். கேக்குக்கு க்ரீம் பூ வைக்கிற பெண்ணும் கை துடைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு ஒண்ணு" என்று வந்தாள். டப்பாவைத் திறந்ததும் இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை மூக்கம்மா கவனித்தாள். பார்வைக்கு அவ்வளவு நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா ஓரத்தைக் கடித்தார். மெல்லுவது மெதுவாயிற்று. க்ரீம் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, குப்பைத் தொட்டிப் பக்கம் போனாள்.

அப்போது கடைக் கதவு திறந்தது. ஈரத் தலையோடு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க அவள் கணவன் நின்றான். டப்பாவைப் பார்த்தான், முதலாளியம்மாவின் வாயைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"என்னம்மா தப்பு?" என்று முதலாளியம்மாவிடம்தான் கேட்டாள்.

"எந்த எண்ணெயில சுட்டே?"

"அலமாரியில இருந்தது."

"மீன் பொரிச்ச எண்ணெய்ம்மா அது" என்றார் முதலாளியம்மா, மிகத் தாழ்ந்த குரலில்.

வியாழக்கிழமை மீன் வறுத்து, மிச்ச எண்ணெயை வடிகட்டி பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள். புது எண்ணெயும் அதே மாதிரி பாட்டிலில்தான் இருந்தது. எந்தப் பாட்டிலிலும் அவள் இதுவரை எதையும் எழுதி ஒட்டியதில்லை. முகர்ந்தால் தெரியும்.

அவனுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள வரும்போதே தெரிஞ்சுதா?"

"தெருமுனையிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு மூணு தின்னீங்க?"

அவன் அடுப்பிலிருந்த வாணலியை எடுத்துத் தொட்டியில் வைத்தான்.

"இதுவரைக்கும் எத்தனை வேளை இப்படி?"

"அத விடு."

"எத்தனை?"

"முதல் மாசம் ஒரு நாள் சூப் அடிபிடிச்சிருக்குன்னு சொன்னேன். ரெண்டு நாள் நீ சாப்பிடல. சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்த. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்? நரம்பில்லாத நாக்கு, எதை வேணா சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். நீ வெளிய கொண்டுபோவேன்னு நினைக்கலம்மா."

"எனக்குன்னு இருந்ததே உங்க நாக்கு ஒண்ணுதான்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "காய்ச்சல் மூக்கைத்தான் எடுத்துச்சு. மிச்சத்தை நீங்க எடுத்துட்டீங்க."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்றான். சொன்னபடியே நடந்துகொண்டான். எல்லாப் பாட்டிலுக்கும் சீட்டு எழுதி ஒட்டினான். உப்புக் குறைந்தால் குறைவு என்றான், கருகினால் கருகியது என்றான். அதெல்லாம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நன்றாக வந்த நாட்கள்தான் தாங்க முடியவில்லை.

"இன்னிக்கு நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் கண்ணைப் பார்ப்பாள். அன்றைக்கு மூன்று டோனட்டைத் தின்றபோதும் அந்தக் கண் இப்படித்தான் இருந்தது. அவன் நிஜத்தைச் சொல்கிறான் என்று தெரியும். தெரிந்தும் உள்ளே ஒட்டவில்லை. இரண்டு மாதத்தில் கேட்பதை நிறுத்தினாள், அப்புறம் சமைப்பதையும். டிப்போவிலிருந்து வந்து அவனே சமைத்தான். முதலாளியம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டு அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை கொடுத்தார். கடைப் பின்கட்டில், அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி மடித்தாள். புதிதாக வந்தவர்கள், இந்த அக்காவை ஏன் மூக்கம்மா என்கிறார்கள் என்று கேட்டபோது, பழைய ஆட்கள் பேச்சை மாற்றினார்கள்.

வருஷம் முடிந்ததும் டாக்டரிடம் போனார்கள். அவர் சின்னச் சின்ன வாசனைக் குப்பிகளை அவள் மூக்கருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "இனிமே எதிர்பார்க்காதீங்க" என்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது கணவன் பாதியில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்து அழுதான். மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் கையிலிருந்த மருந்துச் சீட்டையும் பையையும் வாங்கிக்கொண்டு, இரண்டு படி கீழே நின்று, அவன் எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள்.