குல்ரீஸும் என் கைராசியும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்டென்ஸ்ருட் புறநகரில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வறண்ட சரிவு உண்டு. கோடையில் புல்கூடக் கருகிவிடும். தண்ணீர் கேட்காத, தேனீக்களுக்குப் பிடித்த உள்ளூர்ச் செடிகளை அங்கே வளர்த்துக் காட்டுகிறேன் என்று குடியிருப்புக் கூட்டத்தில் வீம்பாகச் சொன்னவள் நான்தான். முதலில் நட நினைத்தது குல்ரீஸ் என்ற மஞ்சள் பூச்செடி.

விதை முளைக்கும்வரை காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? ரயில் பாதையோரம் அதே மஞ்சளில் பூத்து நின்றதை வேரோடு தோண்டிவந்து நட்டேன்.

குல்ரீஸ் முழங்கால் உயரம் வளரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என்னுடையது மூன்றாம் வருடம் தோளைத் தொட்டது. வேறு யாராயிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என் கைராசியை நினைத்துப் பூரித்துப்போனேன். கோயிலில், "தர்மினி, உம்மட கையால ஒரு கண்டு தாரும்" என்று கேட்ட நான்கு வீட்டாருக்கும் ஆளுக்கொரு கன்று கொடுத்தேன்.

போன சனிக்கிழமை, காட்டுச் செடிகளைக் கணக்கெடுக்கும் றெபேக்கா தோட்டம் பார்க்க வந்தாள். பாராட்டப்போகிறாள் என்று கேக் வேறு செய்து வைத்திருந்தேன். ஒரு தண்டைப் பிடித்துப் பார்த்தவளின் முகம் மாறியது.

"இது உள்ளூர்ச் செடி இல்லை, கனடா குல்ரீஸ். இங்கே நடுவதற்கே தடை. மற்றச் செடிகளை அமுக்கிவிடும்."

அப்போதுதான் சரிவை ஒழுங்காகப் பார்த்தேன். நான் நட்ட நீல மணிப்பூ எங்கே? காட்டுத் தைம் எங்கே? தேனீக்களுக்குப் பந்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரே கறியை வைத்து மற்றதையெல்லாம் கொட்டியிருக்கிறேன்!

"விதை பறப்பதற்கு முன் வேரோடு எடுத்துப் பையில் கட்டுங்கள்" என்றாள் றெபேக்கா. "வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?"

அவள் போனதும், கன்று கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தேன்.

"கோவியாதையும் பிள்ளை, அது பட்டுப்போச்சு. சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார் யோகாம்பாள் மாமி. ஒரு செடி செத்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவை பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். இன்னும் இரண்டு வீடுகளில் அது பல்கனிச் சட்டியிலேயே இருந்தது. மூச்சு வந்தது.

மிச்சம், திராமன் நகரில் இருக்கும் சோதிலிங்கம் அண்ணை மட்டும்.

"அண்ணை, நான் தந்த அந்தச் செடி..."

"அதையேன் கேக்கிறீர் தங்கச்சி! என்ர தலைக்கு மேல நிக்குது. திருவிழாவுக்கு வந்த சனத்துக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்தனான், பதினாறு வீடு! உம்மட கைராசி எனக்கும் வந்திட்டுது."