லிஃப்ட் கதவில் எண்ணெய் டின்

துறைமுகத்தை மூடினாலும் மூடிவிடுவார்கள் என்று டிவியில் ஒரு ஆள் சொன்னார். இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே ஏதோ வரித் தகராறு. இங்கே தேர்தல் வேறு நெருங்குகிறது. அவர்கள் முறைத்துக்கொண்டால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் கடையில் சாமான் இருக்காது. சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்கு அந்த ஆறு மாடிக் கட்டடம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு நாற்பது சோப்பு. பல் இல்லாதவர் வீட்டில் பற்பசை ஒரு பெட்டி. கட்டிலுக்கு அடியில் பருப்பு, குளியலறைப் பரணில் மாவு. முதல் மாடிக்காரர் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கி அடுக்கியதைப் பார்த்தால் சூரியனும் கப்பலில்தான் வருகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் மாடித் தையல்காரி மட்டும் ஒன்றும் வாங்கவில்லை. அவள் எதை வாங்குவாள்? அவள் புருஷன் முன்பு பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, அடுத்த வருஷமே சிறுநீரகமும் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு கிடக்க வேண்டும். உப்பு ஆகாது. தண்ணீர்கூட நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆகாது. அவருக்கு உயிரோடு இருக்க வேண்டியது அந்த நாலு மணி நேரம்தான். அதை மூட்டை கட்டி மூலையில் சாத்தி வைக்க முடியுமா?

ஆனால் ஊர் வாங்கியதற்கெல்லாம் பை தைத்துக் கொடுத்தவள் அவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். கித்தான் துணியில் இரட்டைத் தையல் போட்டு, அந்த ஒரு வாரத்தில் எழுபது பை. கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன மகாராணியா? பின்னால் அதை நினைத்துத் தன்னைத் தானே நொந்துகொண்டாள் என்பது வேறு.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இரண்டாம் மாடி. ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்று அடிக்கடி சொல்லுவார். தானத்துக்கு மிஞ்சியதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அவர் வீடு கூரை வரைக்கும் நிறைந்தது. பிறகு கீழ்த்தளத்தில் இருக்கும் சங்க அறையும் நிறைந்தது. கூட்டம் போடவும், யாராவது செத்தால் உடலைக் கிடத்தவும் எல்லாரும் பணம் போட்டுக் கட்டிய அறை அது. சாவி செயலாளரிடம் இருந்தது, ஆகவே அறையும் அவருடையதாகிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு வேன் நிறைய எண்ணெய் டின் வந்தது. இரண்டே மாடி, நாற்பது படிகூட இருக்காது. ஆனாலும் லிஃப்டில்தான் ஏற்ற வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு டின்னாக வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும் வரை கதவு மூடிவிடக் கூடாதென்று ஒரு டின்னைக் கதவுக்கு நடுவே நிறுத்தினார். கதவு வந்து டின்னில் முட்டும், திரும்பிப் போகும், மறுபடி வந்து முட்டும். ஒன்றரை மணி நேரம் அந்த வாயில்லாப் பிராணி முட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கருகிய நாற்றம் ஒன்று கட்டடம் முழுவதும் ஏறியது. அதோடு லிஃப்ட் நின்றது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கதவு மோட்டார் போச்சு, அதை ஓட்டும் சர்க்யூட் கார்டும் போச்சு, இரண்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கப்பலில் வரும் பெட்டியெல்லாம் துறைமுகத்தில் தேங்கி நிற்கிறது, எப்படியும் ஆறு வாரம் என்றார். கதவைக் கையால் தள்ளித் திறந்து ஓட்ட முடியாதா என்று தையல்காரி கேட்டாள். கதவு பூட்டாமல் ஓட்டினால் ஆள் போய்விடும், அதற்கு நான் ஜெயிலுக்குப் போக முடியாதம்மா என்றார் அவர். செயலாளர் உடனே, “இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, எல்லாருக்கும் பொறுப்பு இருக்கு” என்று பெரிய மனுஷனாகப் பேசினார். டின்னை எடுத்து வைத்தபோது மட்டும் அந்த எல்லாரும் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தையல்காரி படியிறங்கினாள். ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்க இரண்டு பேர் போதும், கட்டடத்தில் ஆம்பிளைகள் இருபது பேராவது இருப்பார்கள் என்று அவள் கணக்கு. வீட்டுக்கு வீடு சாக்கு இருந்தது. அரிசிச் சாக்கு ஒரு பக்கம், நொண்டிச் சாக்கு ஒரு பக்கம். நாலாம் மாடிக்காரருக்கு ரத்த அழுத்தம். மூன்றாம் மாடி டீச்சர், தன் இரண்டு பையன்களும் கேஸ் சிலிண்டர் வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள் என்றாள், அது உண்மையும்கூட. செயலாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்தார். மூன்று நாளாக நிமிர முடியவில்லையாம். முதல் மாடி மெழுகுவர்த்திக்காரர் ரொம்பவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பாக்கெட் உப்பு கொண்டுவந்து, ஆபத்துக்கு உதவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கையில் திணித்தார். உப்பு! அந்த மனுஷனுக்கு விஷத்தைக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வந்தவர்கள் படிக்கட்டை அளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும், வீட்டில் இடமில்லாமல் வெளியே அடுக்கிய பெட்டிகள். ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழரை ஆயிற்று, எட்டரை ஆயிற்று. மிஷினை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கைப்பிடிச் சுவரிலிருந்து அவள் எட்டிப் பார்த்தபோது, நிமிர முடியாத செயலாளர் தோளில் ஒரு சர்க்கரை மூட்டையோடு சங்க அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை விடிந்தபோது அவள் புருஷன் முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பதினோரு மணிக்கு ஒரு மிஷின் காலியாகிறது, அதற்குள் கொண்டுவாருங்கள் என்றார்கள். யாரை வைத்துக் கொண்டுபோவது? அவள் தன் மாடிப் படிக்கட்டில் வந்து நின்றாள். இன்னொரு தடவை கதவு கதவாகத் தட்ட அவளுக்குக் கால் வரவில்லை.

அப்போது கீழேயிருந்து இரண்டு சுமைக்காரர்கள் ஏறி வந்தார்கள், ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. லிஃப்ட் செத்தாலும் வாங்குவது நின்றால்தானே? செயலாளர் லாரி பிடித்து மறுபடி சரக்கு இறக்கியிருந்தார். அவர் கூலிக்குப் பிடித்த ஆட்களையே ஆறாம் மாடிக்காரரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். மூட்டைகளை மேலே போட்டுவிட்டு இருவரும் வெறுங்கையோடு இறங்கும்போது அவள் மறித்தாள்.

“தம்பி, என் வீட்டுக்காரரைக் கீழ இறக்கணும். பதினோரு மணிக்குள்ள ஆஸ்பத்திரி போகலன்னா ஆளு இருக்க மாட்டாரு. அறுபத்திரண்டு கிலோ, நாற்காலி தனி.”

நெட்டை தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். “மனுஷன்தானேக்கா? மனுஷன்னா நம்மளப் பிடிச்சுக்குவாரு. மூட்டையவிட லேசு.”

வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை அவர்கள். நாற்காலியின் முன்பக்கம் ஒருவன், பின்பக்கம் ஒருவன். திருப்பத்துக்குத் திருப்பம் பெட்டிகளைக் காலால் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் செயலாளர் குறுக்கே வந்து, லாரி நிற்கிறது, மழை வேறு வரும்போல இருக்கிறது, என் வேலையை விட்டுவிட்டு இதென்ன என்றார். “வழி விடுங்க சார், இந்தச் சரக்கு உயிரோட இருக்கு” என்றான் குட்டை. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்த்துவிட்டு அவளைத்தான் திட்டினாள். நாலரைக் கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை கட்டாயம் வர வேண்டும், இன்னொரு தடவை தவறினால் என்னைக் கேட்காதீர்கள் என்றாள். மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“விட்டுடும்மா. ஒவ்வொரு தடவையும் ஊரைக் கெஞ்சி என்னைத் தூக்கணுமா? முடிஞ்சப்ப வருவோம். முடியலன்னா இல்ல.”

முப்பது வருஷம் ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன், தன்னை ஒரு தடவை இறக்கச் சொல்ல வெட்கப்பட்டுச் சாகத் தயாராகிவிட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “இன்னொரு தடவை அப்படிச் சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்று மட்டும் சொன்னாள். மிச்ச நேரமெல்லாம் மிஷினில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். சுமைக்காரர்கள் தினமும் வர மாட்டார்கள். ஆறு வாரத்தில் பன்னிரண்டு தடவை போய் வர வேண்டும். மேலே ஏறினால்தானே இறங்க வேண்டும்? ஏறவே வேண்டாம்.

திரும்பி வந்து, நாற்காலியை நேரே சங்க அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். வானம் கறுத்திருந்தது. தெருவில் லாரியின் அடுத்த நடையில் வந்த இருபது சர்க்கரை மூட்டைகள், அறை திறக்கக் காத்துக்கொண்டு சுமைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் சரியாகும் வரை அறை எங்களுக்கு வேண்டும் என்றாள். செயலாளர் சிரித்தார். அது பொது அறையம்மா, தனி ஆளுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை, பொதுக்குழு கூட்டி, தீர்மானம் போட்டு, என்று விரலை மடக்கினார்.

“உள்ள இருக்கிற மூட்டைக்கு எந்தப் பொதுக்குழுவுல தீர்மானம் போட்டீங்க?”

அதற்குப் பதில் மழைதான் சொன்னது. முதல் துளி விழுந்ததும் செயலாளருக்குச் சர்க்கரை ஞாபகம் வந்து, விதியெல்லாம் மறந்து, சாவியை எடுத்துக் கதவை அகலத் திறந்தார். அவர் விலகுவதற்குள் தையல்காரி நாற்காலியை உள்ளே உருட்டிவிட்டாள். அடுக்குகளுக்கு நடுவே இருந்த ஒற்றைச் சந்தில் புருஷனை நிறுத்தி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டாள். சுற்றிலும் கூரை வரை அவள் தைத்த பைகள், ஒரு தையல் விட்டிருக்கவில்லை. கை ஒடிந்து போயிருக்கக் கூடாதா எனக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

செயலாளர் வெளியே நின்று கத்தினார். சர்க்கரை கரைகிறது, அந்த ஆளை வெளியே எடு என்றார். அந்த ஆளாம்! சத்தம் கேட்டுப் படிக்கட்டு முழுக்கத் தலைகள். “எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்களே தூக்கி மழையில வைங்க. எல்லாரும் பாக்கட்டும்” என்றாள் அவள்.

யாரும் தூக்கவில்லை. நெட்டைதான் எழுந்து உள்ளே வந்தான். அவன் கூலி கொடுப்பவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். “அக்கா, கட்டில் போட எவ்வளவு இடம் வேணும்?” என்றான்.

அரை மணி நேரத்தில் பாதி அறை காலியாயிற்று. மூட்டைகள் படிக்கட்டுக்கு அடியிலும் நடைவழியிலும் போய்க் குவிந்தன. சர்க்கரையில் நாலைந்து மூட்டை நனைந்து கசிந்தது, தப்பியதைச் செயலாளர் நிமிர முடியாத அதே இடுப்போடு தானே உள்ளே இழுத்தார். டீச்சர் தன் இரண்டு பையன்களையும் ஐந்தாம் மாடிக்கு அனுப்பினாள். கட்டிலும் தையல் மிஷினும் இறங்கி வந்தன. தையல்காரியின் புருஷன் நீட்டிப் படுத்து, முந்தின ராத்திரிக்கும் சேர்த்து, மூச்சு முட்டாமல் தூங்கினார்.

மறுநாள் காலையில் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். செயலாளர். பின்னால் முதல் மாடிக்காரரும் நாலாம் மாடிக்காரரும். மூவர் முகத்திலும் ஒரு குழைவு. விசாரிக்க வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, என்ன இருந்தாலும் மனுஷர்கள்தானே என்று ஒரு நொடி அவள் மனசுகூட இளகியது. அந்த ஒரு நொடிக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

“நீங்க இப்போ கீழதானே இருக்கப் போறீங்க,” என்றார் செயலாளர். “எங்க மூட்டையெல்லாம் நடைவழியில கிடக்கு. காலம் கெட்டுக் கிடக்கு பாருங்க. யாராவது எடுக்காம, எலி கடிக்காம, நீங்க கொஞ்சம் ஒரு கண் பாத்துக்கிட்டீங்கன்னா…”

அவள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று வாயில் வந்ததெல்லாம் அந்த முகங்களுக்கு அதிகம் என்று தோன்றியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கட்டிலிலிருந்து அவர் தலையைத் தூக்கினார். “யாரும்மா வந்தது?”

“யாரும் வரலைங்க,” என்றாள்.