மீரான் தூள்

"தூளும் சட்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுடா. தூளை மட்டும் எப்படிப் பிரிச்சு அனுப்புறது?" என்றாள் ஜமீலா.

காஜா பேராங் தெருவில் அவள் புருஷன் விட்டுப்போன மீன்கறிக் கடையில் மொத்தமே எட்டு முக்காலி. டவுனின் இன்னொரு பக்கம், தெங்கேராவில் புதுக்கடை போட்ட அலி அக்பர், கறித்தூளை டின்னில் அடைத்துத் தரச்சொல்லி ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

"மெர்டேக்கா, நாட்டுக்கே விடுதலை வந்தாச்சு ராத்தா, நீங்க இன்னும் அடுப்படியைப் பூட்டி வச்சிருக்கீங்க," என்றான் தம்பி யூனுஸ். "தூள் போனா டவுன் முழுக்க மச்சான் பேரு போகும்லா."

"அவங்க இருந்தப்ப ஒரு கரண்டி வெளிய விட்டதில்ல."

"அதான், மௌத்தாகி ரெண்டு வருஷத்துல யாரு அவரை நினைக்கிறா?"

அந்தச் சொல் தைத்துவிட்டது. மறுவாரமே டின்கள் தெங்கேரா போயின. ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் 'நாகூர் மீரான் தூள்'. ஜமீலா எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள்; வாய்விட்டுப் படிக்கவில்லை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை அவள் நாக்கு தொட்டதில்லை.

மல்லியையும் மிளகாயையும் அவள் அரை வறுப்பாகத்தான் வறுப்பாள். மீதியை, விறகடுப்பில் காலை முழுக்கக் கொதிக்கும் மண்சட்டி பார்த்துக்கொள்ளும். இருபது வருஷக் கைப்பழக்கம். சொல்லவேண்டிய சங்கதியென்றே தோன்றவில்லை. அலி அக்பர் கடையிலோ மண்ணெண்ணெய் அடுப்பு, அலுமினியச் சட்டி, அரைமணி நேரக் கறி.

"மீரான் தூளா? வயித்துக்குள்ள போயும் பச்சையாவே கிடக்கும்!" என்று பசாரில் சிரித்தார்கள்.

ஜமீலா தெங்கேராவுக்கே போனாள். "நாநா, இன்னும் கொஞ்சம் கொதிக்க விடுங்களேன்."

"பஸ்ஸுக்கு ஓடுற சனம் மத்தியானம் வரைக்கும் காத்திருக்குமா, தங்கச்சி? தூளோட ஒங்க சட்டியையும் அனுப்பியிருக்கணும்."

அன்றே டின் கொடுப்பதை நிறுத்தினாள். ஊர்ப்பேச்சை நிறுத்த முடியவில்லை. காஜா பேராங்கிலும் முக்காலிகள் காலியாயின.

ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத இரண்டு பேர் வாசலில் தயங்கி நின்றார்கள்.

"இங்கயும் அந்த மீரான் தூள்தானா?"

ஜமீலா கரண்டியை எடுத்தாள்.

"இல்லீங்க. நாகூர் மீரான் தூள் இல்ல. உக்காருங்க."

முதல்முறையாக அந்தப் பேரைச் சொல்லிவிட்டாள். சட்டிமேல் குனிந்தவள் நிமிரவில்லை.

வந்தவர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

"இதுல்லவா கறி!" என்றார் ஒருவர். "அந்த மீரானைக் கூட்டியாந்து இதைத் தின்னச் சொல்லணும்."

ஜமீலா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.